இழை: கவட்டைக் குடலிறக்கம் – திறந்து செய்வதா, துளை போட்டுச் செய்வதா?

#1 வார்டு_அக்கா

"ஹிரண்யா" என்று சொல்லிக்கொண்டு ஓ.பி.க்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இருப்பது கவட்டைக் குடலிறக்கம்தான். கேட்பதும் நாலே கேள்விதான். உடனே ஆபரேஷன் செய்ய வேண்டுமா? பெரிய கீறலா, கீ-ஹோலா? ஓட்டையை அடைக்க உடம்புக்குள் வலை வைக்கலாமா? எத்தனை நாள் கழித்து பைக் எடுக்கலாம், மூட்டை தூக்கலாம்?

இந்த நாலுக்கும் ஒரே இடத்தில் பதில் இருந்தால் கேட்கிறவர்களுக்கு இந்த இழையையே காட்டிவிடலாம். அளவு, எண், பொருளின் பெயரோடு எழுதுங்கள். "தகுந்த மருத்துவரை அணுகவும்" என்று சொல்வதற்கு ஒரு இழை தேவையில்லை.

#2 திறந்தமுறை_சர்ஜன்

முதல் கேள்விக்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது: அது குடலிறக்கம்தானா? விரைப்பை வீங்கியிருந்தால் வீக்கத்தின் மேல்விளிம்பை விரலால் பிடிக்க முடிகிறதா பாருங்கள். பிடிபட்டு, டார்ச் அடித்தால் சிவப்பாக ஒளி ஊடுருவினால் பெரும்பாலும் அது ஓதம், அதாவது ஹைட்ரோசில். மேல்விளிம்பே கிடைக்காமல் வீக்கம் கவட்டைக்குள் ஏறிப்போனால், இருமும்போது கைக்கு உந்தித் தட்டினால், அது குடலிறக்கம். குழந்தைகளிடம் டார்ச்சை நம்பாதீர்கள். மெல்லிய குடலும் ஒளியை விடும்.

குடலிறக்கம் என்றால், வயிற்றுச் சுவரில் உள்ள ஓட்டை வழியே, வயிற்றின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உள்ளுறை பை போலத் துருத்தி, அந்தப் பைக்குள் கொழுப்போ குடலோ இறங்குவது. கவட்டையில் இரண்டு வழி. விந்துநாளம் வெளியே வரும் அதே வாசல் வழியாக இறங்குவது ஒன்று; பிறக்கும்போது மூடியிருக்க வேண்டிய பாதை மூடாததன் விளைவு. இன்னொன்று, அதற்கு உள்பக்கத்தில் சுவரே நைந்து நேராகப் பிதுங்குவது. வயதானவர்களிடமும், நாள்பட்ட இருமல்காரர்களிடமும், முக்கி முக்கி மலம், சிறுநீர் கழிப்பவர்களிடமும் அதிகம். மூன்றாவதாகத் தொடைவழிக் குடலிறக்கம். கவட்டை மடிப்புக்குக் கீழே, சின்ன நெல்லிக்காய் அளவில் இருக்கும். பெண்களிடம் அதிகம். அந்த வாசல் குறுகியது, ஓரங்கள் கெட்டி. அதனால் குடல் நெரிபடுவது அதில்தான் மிக அதிகம்.

இனி, காத்திருக்கலாமா? தொந்தரவு இல்லாத, அல்லது லேசாகத் தொந்தரவு தரும் கவட்டைக் குடலிறக்கம் உள்ள ஆண்கள் 720 பேரை வைத்து அமெரிக்காவில் ஒரு ஆய்வு நடத்தி, 2006-இல் வெளியிட்டார்கள். காத்திருந்தவர்களில் குடல் சிக்கிக்கொண்டது ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு 2 பேருக்கும் குறைவு. ஆகவே அந்த வகை ஆண்கள் காத்திருப்பது ஆபத்தான முடிவல்ல. ஆனால் 10 ஆண்டுக்குள் அவர்களில் ஏறக்குறைய 68 விழுக்காட்டினர், பெரும்பாலும் வலி காரணமாக, ஆபரேஷனுக்கு வந்துவிட்டார்கள். தள்ளிப்போடலாம், தப்பிக்க முடிகிறவர்கள் குறைவு.

இந்தக் கணக்கு பெண்களுக்குப் பொருந்தாது. தொடைவழிக் குடலிறக்கத்துக்குப் பொருந்தவே பொருந்தாது. அதைக் கண்டால் தேதி குறிக்க வேண்டியதுதான்.

#3 துளைவழி

டாக்டர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். உள்ளே தள்ளினால் போய்க்கொண்டிருந்த வீக்கம் திடீரெனக் கெட்டிப்பட்டு உள்ளே போக மறுத்தால், தொட்டாலே வலித்தால், மேல்தோல் சிவந்தால், வாந்தி வந்து வாயு பிரியாமல் வயிறு உப்பினால் அன்று இரவே மருத்துவமனை. எண்ணெய் போட்டு உருவுவது, ஆள் வைத்து அழுத்தித் தள்ளுவது கூடவே கூடாது. பலமாகத் தள்ளினால் பை, அதன் இறுகிய கழுத்து, நெரிபட்ட குடல் எல்லாம் சேர்ந்தே உள்ளே போய்விடும். வெளியே வீக்கம் இருக்காது, உள்ளே குடல் செத்துக்கொண்டிருக்கும்.

தொடைவழியில் இன்னொரு பொறி உண்டு. குடலின் ஒரு பக்கச் சுவர் மட்டும் மாட்டிக்கொள்ளும். வாயு பிரியும், மலமும் போகும், "அடைப்பு இல்லை" என்று தோன்றும். வயதான பெண்ணுக்குக் காரணம் தெரியாத வாந்தி என்றால் புடவையைத் தளர்த்தி இரண்டு கவட்டையையும் தொட்டுப் பார்க்க வேண்டும். தவறவிடுவது பெரும்பாலும் அந்தப் பார்வையைத்தான்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். திறந்தா, துளையா என்ற கேள்வியே கொஞ்சம் கோணலானது. வலை எங்கே உட்காருகிறது, ஓட்டையைத் தாண்டி எவ்வளவு விரிகிறது, எதை வைத்து நிறுத்துகிறார்கள், இவைதான் பலனைத் தீர்மானிப்பவை. கீறலின் நீளம் முதல் வாரத்து வலியைத் தீர்மானிக்கும். ஐந்து வருடம் கழித்து வீக்கம் திரும்புமா என்பதைத் தீர்மானிப்பது அதுவல்ல.

#4 திறந்தமுறை_சர்ஜன்

ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் வலையிலிருந்தே தொடங்குவோம்.

1887-இல் இத்தாலியின் பதுவாவில் பாஸ்ஸினி தன் முறையை வெளியிட்டார். தசையை இழுத்துக் கவட்டை இணைப்புநாரோடு தைப்பது. கனடாவின் டொரண்டோவில் ஷோல்டைஸ் அதையே அடுக்கடுக்காக, தொடர் தையலாக மாற்றினார். வலை இல்லாத முறைகளில் இன்றும் அதற்குத்தான் மதிப்பு. எல்லாத் தையல் முறைக்கும் பொதுவான குறை ஒன்று. விலகி நிற்கும் இரண்டு விளிம்பை இழுத்துக் கட்டினால் திசு விடாமல் இழுபடும், தையல் மெல்ல மெல்ல அறுக்கும். லாஸ் ஏஞ்சலிஸின் லிக்டென்ஸ்டைன் 1980-களில் சொன்னது: இழுக்காதே, ஒட்டுப் போடு. பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழையில் செய்த வலையை மேலே பரப்பினால் திசு அதன் கண்களுக்குள் வளர்ந்து ஒன்றாகிவிடும்.

இந்த முறை எங்கே கெட்டுப்போகிறது என்பதைத் தியேட்டரில் நடப்பதைப்போலச் சொல்கிறேன்.

கவட்டை மடிப்புக்குச் சற்று மேலே 5, 6 செ.மீ. கீறல். வெளிச்சாய்வுத் தசையின் நார்த்தகட்டை நார் ஓடும் திசையிலேயே திறக்க வேண்டும். அதற்கு அடியில் கைகாட்டுவது போல ஒரு வெள்ளை நரம்பு ஓடும். சரியாகச் சொன்னால் அந்தப் பகுதியில் மூன்று நரம்புகள். அவற்றைக் கண்ணால் பார்த்து ஒதுக்குவது 5 நிமிட வேலை. அந்த 5 நிமிடத்தை மிச்சப்படுத்தப் போய்த்தான் நோயாளி ஐந்து வருடம் எரிச்சலோடு திரிகிறார். விந்துத்தண்டை (விந்துநாளமும் விரைக்குப் போகும் ரத்தநாளங்களும் சேர்ந்த கட்டு) பூப்பெலும்பு முனையருகே, அதாவது அடிவயிற்றின் கீழே முன்புறம் உள்ள எலும்பின் முனையருகே தூக்கி, ஒரு நாடாத் துணியால் சுற்றிப் பிடித்து, பையைத் தேட வேண்டும். அது தண்டின் முன் உள்பக்கத்தில் முத்துவெள்ளையாக இருக்கும். பிரித்து உள்ளே தள்ள வேண்டும். பை விரைப்பை வரை போயிருந்தால் அடிவரை உரிக்கக் கூடாது. நடுவில் வெட்டிக் கீழ்ப்பாதியைத் திறந்தபடி விட்டுவிட வேண்டும். உரித்தால் விரைக்குப் போகும் நுண்ணிய ரத்தநாளங்கள் கிழிந்து விரை சுருங்கிப்போகலாம்.

வலையின் அளவு 7.5 × 15 செ.மீ. கடையில் 6 × 11 அளவுப் பாக்கெட்டும் கிடைக்கிறது. எடுத்துவராதீர்கள் என்று தியேட்டரிலேயே சொல்லிவைப்பேன். வலை நாளாக நாளாகச் சுருங்கும், 6 செ.மீ. என்பது சுருங்கிய பின் போதாது. உள்முனை பூப்பெலும்பு முனையைத் தாண்டி 2 செ.மீ. படிய வேண்டும். வீக்கம் திரும்பினால் பெரும்பாலும் இந்த முனையிலேயேதான் திரும்பும். முதல் தையல் எலும்பின் மேல்தோலைக் குத்தாமல் அதன் மேலுள்ள நாரில் விழ வேண்டும், குத்தினால் தீராத வலி. கீழ் ஓரத்தை 2-0 பாலிபுரோப்பிலீன் தொடர் தையலால், உள்வாசலை (தண்டு வயிற்றிலிருந்து வெளியே வரும் வாசல்) தாண்டும் வரை மட்டும் தைக்க வேண்டும். அதற்கு மேல் வெளியே போனால் தொடை நரம்பு காத்திருக்கிறது. வெளிமுனையைக் கிழித்து மேல்வால் அகலமாகவும் கீழ்வால் ஒடுக்கமாகவும் விட்டு, தண்டைச் சுற்றி ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்காகப் படியவிட வேண்டும். வெறுமனே பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைத்தால் உள்வாசல் திறந்தே இருக்கும்.

கடைசியாக, வலை சற்றுத் தொளதொளவென்று கூடாரம் போல நிற்க வேண்டும். மேசையில் படுத்திருப்பவரின் கவட்டை தட்டையாக இருக்கும். அதற்குத் தக இறுக்கித் தைத்தால் அவர் எழுந்து நின்றதும் வலை வரிந்து இழுக்கும். பார்க்க அழகாக இறுகியிருக்கும் வலை நல்ல வலையல்ல.

#5 தியேட்டர்_மணி

வலைப் பாக்கெட் பேச்சு வந்ததால் ஒரு பழைய ஆற்றாமை. 15 × 15 பாக்கெட்டைப் பிரித்துப் பாதியை ஒருவருக்கு வைத்துவிட்டு, மிச்சப் பாதியை மறுபடி ஸ்டெரிலைஸ் செய்து அடுத்தவருக்கு வைக்கும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. உறையிலேயே "ஒருமுறைக்கு மட்டும்" என்று குறி இருக்கும். ஒரே வலையை இரண்டு பேரின் பில்லில் முழு விலையாகப் போட்டால் அது வேறு கதை. நோயாளி செய்யக்கூடியது ஒன்றுதான்: வலை உறையோடு வரும் ஸ்டிக்கரை, கம்பெனி, அளவு, லாட் எண் எல்லாம் இருக்கும், டிஸ்சார்ஜ் தாளில் ஒட்டித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

வலையில் எல்லாம் ஒன்றல்ல. சதுர மீட்டருக்கு 50 கிராமுக்குக் கீழே என்றால் எடை குறைந்தது, 80, 90-க்கு மேலே என்றால் கனமானது. கண் 1 மி.மீ.க்கு மேல் பெரிதாக இருந்தால் திசு ஊடுருவும், கிருமியை விரட்டும் செல்களும் நுழையும். சாதாரண வலையைக் குடல் தொடும்படி வைக்கக் கூடாது, ஒட்டிக்கொள்ளும். அதற்கு ஒரு பக்கம் பூச்சு உள்ள தனி வலை உண்டு, விலை பல மடங்கு.

#6 வார்டு_அக்கா

கொசுவலையை வைத்துச் செய்கிறார்களாமே என்று கேலியாகக் கேட்கிறார்கள். அதற்கும் யாராவது பதில் சொல்லுங்கள்.

#7 துளைவழி

கேலி இல்லை அக்கா. மகாராஷ்டிரத்தின் தோண்டாயிச்சாவில் டாக்டர் தோங்காங்கர் கிருமிநீக்கிய கொசுவலைத் துணியை வைத்துப் பல மையங்களில் செய்த முடிவுகளை 2003-இல் வெளியிட்டார். உகாண்டாவில் 302 ஆண்களைச் சீட்டுக்குலுக்கிப் பிரித்து, ஒரு பாதிக்கு விலை குறைந்த கொசுவலைத் துணி, மறுபாதிக்குக் கம்பெனி வலை என்று ஒப்பிட்டார்கள். 2016-இல் வந்த முடிவில் ஓராண்டில் வீக்கம் திரும்பியதிலோ சிக்கல்களிலோ பொருட்படுத்தும் வேறுபாடு இல்லை. ஆனால் கடையில் வாங்கிய எந்தக் கொசுவலையும் ஆகாது. பூச்சிமருந்து தோய்த்ததாக இருக்கக் கூடாது, எந்த பாலிமர் என்று தெரிந்திருக்க வேண்டும். பாலிஎத்திலீன் இழையை, கிருமிநீக்கும் 134 டிகிரி நீராவிச் சுழற்சியில் போட்டால் உருகிச் சுருங்கிவிடும்.

இனி என் பக்கத்து முறை. துளைவழியில் வலை தசைக்கு வெளியே அல்ல, உள்ளே, உள்ளுறைக்கும் தசைக்கும் நடுவே உட்காரும். வயிற்று அழுத்தம் வலையைச் சுவரோடு அழுத்திப் பிடிக்கும். தொட்டித் தண்ணீர் அடைப்பை உள்ளிருந்தே அழுத்துவது போல. மூன்று துளை, ஒன்று 10 மி.மீ., இரண்டு 5 மி.மீ. வயிற்றுக்குள் நுழைந்து உள்ளுறையைத் திறந்து செய்வது 'டேப்' (TAPP). வயிற்றுக்குள் நுழையாமலே அந்த அடுக்கைப் பிரித்துக்கொண்டு போவது 'டெப்' (TEP). பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் தாளில் எது எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

வலை 10 × 15 செ.மீ.க்குக் குறையக் கூடாது. உள்வாசல், நேர்வழி, தொடைவழி மூன்றையும் ஒரே வலை மூட வேண்டும். பெண்களுக்கு இதையே விரும்புவதற்கும் காரணம் அதுதான். கவட்டை என்று நினைத்துத் திறந்தவருக்குத் தொடைவழியில் இன்னொன்று மறைந்திருந்தால், திறந்த முறையில் அது தப்பிவிடும்.

இதில் தவறுவது எங்கே? உள்ளுறையைத் தண்டிலிருந்து போதுமான தூரம் பின்னுக்கு உரிக்காமல் வலையை வைத்தால், இடம் விரிக்க உள்ளே செலுத்திய காற்றை வெளியேற்றியதும் உறை வந்து வலையின் கீழ்விளிம்பைச் சுருட்டிவிடும். ஆறு மாதத்தில் வீக்கம் பழைய இடத்தில். தண்டோடு ஒட்டிய கொழுப்புக்கட்டியை எடுக்காமல் விட்டால் "ஆபரேஷன் செய்தும் அப்படியே இருக்கிறது" என்று வருவார்கள். வலையைப் பதிக்கும் சின்ன ஆணியான டேக்கரை எங்கும் அடித்துவிடக் கூடாது. விந்துநாளத்துக்கு வெளியே, கீழே, பெரிய ரத்தக்குழாயும் நரம்புகளும் ஓடும் முக்கோணங்கள் இருக்கின்றன. அங்கே ஒரு டேக்கர் பட்டால் போதும். சிறிய ஓட்டைக்கு டேக்கரே வேண்டாம்.

இதைக் கற்றுத் தேற ஒரு சர்ஜனுக்கு 50 முதல் 100 ஆபரேஷன் ஆகும் என்பது உலக வழிகாட்டுதலிலேயே உள்ள கணக்கு. ஆகவே "நீங்கள் இதை எத்தனை செய்திருக்கிறீர்கள்?" என்று கேட்பது மரியாதைக்குறைவு இல்லை.

#8 திறந்தமுறை_சர்ஜன்

அப்படியானால் பங்கு பிரித்துவிடலாம். இரண்டு பக்கமும் இருந்தால், பெண்ணாக இருந்தால், முன்பு திறந்து செய்தது திரும்பி வந்தால் துளைவழி. புராஸ்டேட் முழுதாக எடுத்தவர், அடிவயிற்றில் கதிர்வீச்சு வாங்கியவர், முழு மயக்கம் தாங்காதவர், துளைவழியில் செய்து திரும்பி வந்தவர் என்றால் திறந்த முறை. முதல்முறை, ஒரு பக்கம், ஆண் என்றால் உங்கள் சர்ஜனின் கைக்கு எது பழகியதோ அது. இதில் சண்டைக்கு இடமில்லை.

வலையே வேண்டாம் என்பவர்களுக்குப் புனேயின் டாக்டர் தேசார்தா முறை இருக்கிறது. நோயாளியின் வெளிச்சாய்வுத் தசையின் நார்த்தகட்டிலிருந்தே ஒரு பட்டையைப் பிரித்துப் பின்சுவராக்குவது. போலந்தில் 208 பேரில் அதை லிக்டென்ஸ்டைனோடு ஒப்பிட்டு மூன்றாண்டு பார்த்ததில் திரும்பி வந்தவை சமம். ஆனால் அந்த நார்த்தகடே மெலிந்தவருக்கு இது ஆகாது. பட்டையே கிழியும்.

#9 நித்திராதேவன்

மயக்கப் பக்கம் சுருக்கமாக. திறந்த முறையை அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைத்தே செய்யலாம். இதயம் பலவீனமானவர்களுக்கு அதுதான் நல்லது. 60 கிலோ ஆளுக்கு அட்ரினலின் கலந்த லிக்னோகெயின் என்ற மரப்பு மருந்தின் உச்சவரம்பு கிலோவுக்கு 7 மி.கி. வீதம் 420 மி.கி. அதாவது 1 விழுக்காட்டுக் கரைசலில் 42 மி.லி. கலக்காதது என்றால் 4.5 வீதம் 27 மி.லி. தான். குப்பியில் 2 விழுக்காடு என்றிருந்தால் இந்த மி.லி. கணக்கில் பாதி. இந்த இடத்தில்தான் கை தவறும்.

முதுகு ஊசி போட்டால் வயதான ஆண்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளும் வாய்ப்பு அதிகம், டியூப் போட நேரும். புராஸ்டேட் தொந்தரவு இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எடுப்பவர்கள் இப்போது ஏராளம். ஆபரேஷனுக்கு 3 நாள் முன்பே நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் சர்க்கரை அளவு சாதாரணமாகக் காட்டியபடியே ரத்தத்தில் அமிலம் ஏறும். ரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோக்ரல் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட் வைத்து எத்தனை மாதமாயிற்று என்று இதய மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான். முந்தின நாள் வீட்டில் பிளேடு போட்டு மழிக்க வேண்டாம். கீறல் பட்ட தோலில் கிருமி தங்கும். தியேட்டரிலேயே கிளிப்பரால் எடுப்பார்கள்.

#10 பிசியோ_நண்பன்

அக்காவின் நாலாவது கேள்வி. அன்று மாலையே எழுந்து நடக்க வேண்டும். மூன்று மாதம் படுத்திருப்பது பழைய காலத்துத் தையல் முறைக்குச் சொன்ன பத்தியம். வலை வைத்தவர்கள் 3 முதல் 5 நாளில் அன்றாட வேலைக்குத் திரும்பலாம். பைக் எடுக்க ஒரு சோதனை: நிற்கும் வண்டியில் உட்கார்ந்து திடீர் பிரேக் போடுவதுபோல் காலை ஓங்கி மிதித்துப் பாருங்கள். வலியில் கால் பின்வாங்கினால் இன்னும் நாளாகவில்லை. பெரும்பாலோருக்கு ஒரு வாரம், பத்து நாள். நெல் மூட்டை, சிமெண்ட் மூட்டை தூக்குகிறவர்கள் 4 முதல் 6 வாரம் பொறுக்கலாம். கட்டாய விதி என்பதைவிட, வலி சொல்வதைக் கேட்பதுதான்.

இருமல், தும்மல் வந்தால் தலையணையை அந்த இடத்தில் அழுத்திப் பிடியுங்கள். முதல் நாளிலிருந்தே மலம் இளகும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இசப்கோல் எடுத்தால் தண்ணீரும் நிறையக் குடிக்க வேண்டும், இல்லையென்றால் அதுவே இறுகும்.

#11 வார்டு_அக்கா

இரண்டாம் நாள் விரைப்பை கருநீலமாகிவிட்டது என்று பதறி ஓடிவருகிறார்கள். அது பெரும்பாலும் ரத்தக் கசிவு கீழிறங்கியது. லங்கோடு மாதிரி இறுக்கமான உள்ளாடை போட்டால் இரண்டு வாரத்தில் மஞ்சளாகி மறையும். ஒரு வாரம் கழித்துப் பழைய இடத்தில் மெத்தென்று வீங்கினால் அது நீர்க்கோப்பு. இருமினால் உந்தாது, படுத்தாலும் மறையாது. ஊசி போட்டு இழுக்கச் சொல்லி அடம்பிடிக்காதீர்கள், கிருமி உள்ளே போகும். 6 முதல் 8 வாரத்தில் தானே வற்றும். காய்ச்சல், சீழ், விரை கெட்டிப்பட்டுக் கடும் வலி இருந்தால் மட்டும் உடனே வாருங்கள்.

#12 திறந்தமுறை_சர்ஜன்

மூன்று மாதம் தாண்டியும் வலித்தால் "பழகிவிடும்" என்று அனுப்பக் கூடாது. பத்தில் ஒருவருக்கு இந்த வலி ஓரளவு தங்குகிறது. அன்றாட வேலையைக் கெடுக்கும் அளவு தங்குவது அதைவிடக் குறைவு. எரிச்சல், ஊசி குத்தல், துணி பட்டாலே கூசுதல் என்றால் நரம்பு. அந்த இடத்தில் மரப்பு மருந்து போட்டு வலி அடங்கினால் எந்த நரம்பு என்பது தெரியும். நிமிரும்போது உள்ளே இழுப்பதுபோல் இருந்தால் வலை மடிந்திருக்கலாம்.

#13 கிளெய்ம்_பார்ப்பவன்

பணப் பக்கம். பெரும்பாலான உடல்நலக் காப்பீட்டுப் பாலிசிகளில் குடலிறக்கம் 24 மாதக் காத்திருப்புப் பட்டியலில் இருக்கும். பாலிசி எடுத்து ஒன்றரை வருடத்தில் திட்டமிட்ட ஆபரேஷன் என்றால் கிளெய்ம் நிராகரிப்புதான் வரும். ஓ.பி. சீட்டில் "3 வருடமாக வீக்கம்" என்று எழுதியிருந்து பாலிசி 2 வருடத்துக்கு முன் எடுத்ததென்றால், முன்பே இருந்த நோய் என்று இன்னொரு கதவும் மூடும். டாக்டரிடம் வாய்க்கு வந்த கணக்கைச் சொல்லாமல் உண்மையான காலத்தைச் சொல்லுங்கள். பொய் எழுதச் சொல்லியும் கேட்காதீர்கள், பாலிசியே ரத்தாகும். வலையின் ஸ்டிக்கரும் பில்லும் ஒத்துப்போகவில்லை என்றாலும் கேள்வி வரும். தியேட்டர்_மணி சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

#14 வார்டு_அக்கா

இன்னும் ஒன்று பாக்கி. குழந்தையின் தொப்புளில் காசு வைத்து பிளாஸ்டர் ஒட்டுகிறார்களே?

#15 துளைவழி

எடுக்கச் சொல்லுங்கள். காசு ஓட்டையை மூடாது, தோலைப் புண்ணாக்கும். குழந்தையின் தொப்புள் குடலிறக்கம் பெரும்பாலும் 4, 5 வயதுக்குள் தானே மூடும். ஆனால் அதே குழந்தைக்குக் கவட்டையில் வீக்கம் என்றால் காத்திருக்கக் கூடாது. அது தானே மூடாது, சின்னக் குழந்தைகளிடம் நெரிபடும் வாய்ப்பும் அதிகம். பையின் கழுத்தைக் கட்டினால் போதும், குழந்தைக்கு வலை வைப்பதில்லை. பெற்றோர் வீட்டில் அழும்போது தெரியும் வீக்கத்தை போனில் படம் எடுத்து வரட்டும். ஓ.பி.யில் குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும், வீக்கம் இருக்காது.